பார்த்தா புரியுது... செய்ய உட்கார்ந்தா வரலையா? ஆன்லைன் வீடியோ பயிற்சியைக் கைத்தொழிலாக்கும் வழிகள்!

உங்கள் போனில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சேமித்து வைத்திருக்கும் வீடியோக்கள் எத்தனை? எக்செல் மூன்றே மணி நேரத்தில், பைத்தான் ஒரே நாளில், ஸ்போக்கன் இங்கிலீஷ் 30 நாள்களில்... லிஸ்ட் நீண்டுகொண்டே போகும். அவற்றில் எத்தனையை முழுசாகப் பார்த்தோம், பார்த்ததில் எது கைக்கு வந்தது என்று கேட்டால், பலரிடம் பதில் ஒரு சிரிப்புதான்.

ஆனால், சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயம் இல்லை இது. டிகிரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை, குழந்தைக்காக வேலையை விட்டு ஏழெட்டு வருடம் கழித்து மறுபடி போக நினைக்கும் அம்மா, ஆபீஸில் திடீரென்று புது சாஃப்ட்வேர் வந்துவிட்டதால் தடுமாறும் 50 வயது அக்கவுன்டன்ட் என, இவர்கள் எல்லோரும் இன்று முதலில் தேடிப்போவது வீடியோ வகுப்பைத்தான். சிலர் இலவசமாகக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் லட்ச ரூபாய்க் கடனில் சேர்ந்து பாதியில் நிற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் என்ன, எங்கே படிக்கலாம், எப்படிப் படிக்கலாம், எங்கே உஷாராக இருக்க வேண்டும்? பார்ப்போம்.

ஒரு டீச்சரும் 150 கோடி டாலரும்

சாஃப்ட்வேரை வீடியோவில் சொல்லித்தரும் தொழிலுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர், லிண்டா வெயின்மேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்டவர். கலிஃபோர்னியாவில் ஒரு டிசைன் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இணையப் பக்கங்களை வடிவமைப்பது பற்றி மாணவர்களுக்குப் பரிந்துரைக்க நல்ல புத்தகம் கிடைக்காததால், தானே ஒன்று எழுதினார். 1995-ல் கணவர் புரூஸ் ஹெவினுடன் சேர்ந்து, தன் பெயரிலேயே லிண்டா டாட் காம் தளத்தைத் தொடங்கினார்.

அப்போது அது வீடியோ தளம் இல்லை. ஓஹாய் என்ற சிறிய ஊரில் அவர்கள் நேரடி வகுப்புகள் நடத்தினார்கள். வெளியூர், வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். டாட் காம் கம்பெனிகள் சரிந்து, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு மக்கள் பயணத்துக்கே பயந்தபோது, வகுப்புகள் காலியாகின. ஊழியர்களைக் குறைக்க வேண்டிய நிலை. அந்த நெருக்கடியில்தான், 2002-ல், பாடங்களை இணையத்தில் ஏற்றி, மாதம் 25 டாலர் சந்தாவுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். யூடியூப் பிறப்பதற்கு மூன்று வருடம் முந்தைய கதை இது!

2013 வரை வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்த அந்த நிறுவனத்தை, 2015-ல் லிங்க்டுஇன் வாங்கியது. விலை, 150 கோடி டாலர். இன்று 'லிங்க்டுஇன் லேர்னிங்' என்ற பெயரில் இருப்பது அதன் தொடர்ச்சிதான்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லிண்டாவின் தளத்துக்கு வந்தவர்கள் பட்டம் வாங்க வரவில்லை. 'நாளைக்கு ஆபீஸில் இந்த வேலையை முடிக்கணும், இதுமட்டும் எனக்குத் தெரியணும்' என்று வந்தவர்கள். வீடியோ பயிற்சியின் பலம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் நமக்காகக் காத்திருக்கும் வகுப்பறைகள்

காசு கொடுக்காமல் படிக்க இந்தியாவில் இருக்கும் வழிகள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. நான்கை மட்டும் சொல்கிறேன்.

என்.பி.டி.இ.எல்.: 2003-ல் ஏழு ஐ.ஐ.டி-களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யும் சேர்ந்து தொடங்கியது. இன்ஜினீயரிங்கில் ஆரம்பித்து, இன்று மேனேஜ்மென்ட், மனிதவளம், மொழி என்று விரிந்திருக்கிறது. 4, 8, 12 வாரப் படிப்புகள் உண்டு. வீடியோவும் வாராந்தரப் பயிற்சிகளும் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். தேர்வுக்கு 75 மதிப்பெண், வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது.

ஸ்வயம்: மத்திய அரசின் தளம். 2017 ஜூலை 9-ம் தேதி அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்தார். கல்லூரி மாணவர்களுக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், இங்கே படித்து வாங்கிய கிரெடிட்டை டிகிரியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். எந்தெந்தப் படிப்புகள் என்று சேர்வதற்கு முன்பே உங்கள் துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஸ்போக்கன் டுடோரியல்: மும்பை ஐ.ஐ.டி-யின் திட்டம். லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், லினக்ஸ், பைத்தான் போன்ற இலவச சாஃப்ட்வேர்களைச் சுமார் பத்து பத்து நிமிட வீடியோக்களில் சொல்லித்தருகிறார்கள். பெரும்பாலும் தமிழ்க் குரலும் உண்டு. குரல்தான் தமிழ், திரையில் தெரியும் மெனு ஆங்கிலத்திலேயே இருக்கும். வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கில மெனுதான் இருக்கும் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி-யின் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு: 2020-ல் தொடங்கியது. ஜே.இ.இ. எழுதாமலேயே சேர முயலலாம். முதல் நான்கு வாரப் பாடங்களை வீடியோவில் படித்து, அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். வகுப்புகள் ஆன்லைனில், முக்கியத் தேர்வுகள் நேரில். இது இலவசம் இல்லை. ஆனால், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் கட்டணத்தில் 75 சதவிகிதம்வரை சலுகை உண்டு.

இவை தவிர, 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகக் கல்லூரிகளிலேயே திறன் படிப்புகள் நடக்கின்றன. 'எளிய தமிழில்' என்ற வரிசையில் லினக்ஸ், மை-எஸ்.க்யூ.எல். போன்றவற்றைத் தமிழிலேயே இலவச மின்நூல்களாகக் கொடுக்கும் கணியம் தளமும், வீடியோ பார்ப்பவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள நல்ல துணை.

20 தடவை பார்த்தால் வந்துவிடுமா?

இவ்வளவு இருந்தும் ஏன் பலருக்குக் கைகூடவில்லை? சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கர்டாஸ், எட் ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது.

மேஜையில் தட்டு, டம்ளர் எல்லாம் இருக்கும்போதே, அடியில் விரித்திருக்கும் துணியை 'சரக்'கென்று உருவும் வித்தை தெரியுமல்லவா? அந்த வீடியோவைச் சிலருக்கு ஒருமுறை காட்டினார்கள். சிலருக்கு 20 முறை காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்கள், 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். மூன்வாக் நடனத்திலும் அதே கதைதான். அடுத்து, ஊசி அம்பைப் பலகையில் எறியும் டார்ட்ஸ் வீடியோவைக் காட்டி, நிஜமாகவே எறியச் சொன்னார்கள். பலமுறை பார்த்தவர்களுக்கு நம்பிக்கை கூடியிருந்தது. ஸ்கோர் மட்டும் கூடவில்லை!

அதாவது, திரும்பத் திரும்பப் பார்ப்பது 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்பைத்தான் வளர்க்கிறது. திறமையை இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கட்டைகளை மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையின் வீடியோவைப் பார்த்தவர்களிடம், அந்தக் கட்டையைச் சும்மா ஒருமுறை கையில் கொடுத்தார்கள். உடனே அவர்களுடைய அதீத நம்பிக்கை குறைந்துவிட்டது. கையில் எடுத்தால்தான் கனம் தெரியும்.

நம் வீட்டில் இது புதிய செய்தி இல்லை. பக்கத்தில் நின்று நூறு தடவை பார்த்தாலும், கரண்டியைக் கையில் பிடித்து ஊற்றும்வரை தோசை வட்டமாக வராது. எக்செல் ஃபார்முலாவும் அப்படித்தான்.

பாதியில் நிற்பதும் உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. உலகப் புகழ்பெற்ற ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் ஆன்லைனில் நடத்திய படிப்புகளின் தரவுகளை ஆராய்ந்து, 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேல், அதாவது 52 சதவிகிதம் பேர், பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-ல் படிப்பை முடித்தவர்கள் மொத்தத்தில் 3.13 சதவிகிதம். ஆனால், சான்றிதழுக்குக் கட்டணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், 46 சதவிகிதம் பேர் முடித்திருக்கிறார்கள். முடித்தே தீர வேண்டும் என்று முன்பே முடிவெடுத்தவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள் என்பதும் இதில் அடங்கும். எனவே பணம் மட்டுமே மருந்து இல்லை. தேர்வுத் தேதி, கேட்க ஓர் ஆள், எதற்காகப் படிக்கிறோம் என்ற தெளிவு ஆகியவற்றை இலவசப் படிப்பிலும் நாமே உண்டாக்கிக்கொள்ள முடியும்.

வீடியோ பார்க்கும் முறையை மாற்றுங்கள்

1. பாதித் திரையில் வீடியோ, பாதித் திரையில் வேலை: ஸ்போக்கன் டுடோரியல் சொல்லித்தரும் முறை இதுதான். ஒருபக்கம் வீடியோ ஓட, மறுபக்கம் அதே சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு பட்டனை அழுத்தினால், வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களும் அழுத்துங்கள். பத்து நிமிட வீடியோவுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

2. சின்ன வீடியோவைத் தேர்ந்தெடுங்கள்: எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவுகளை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களைத்தான் மக்கள் பெரும்பாலும் கடைசிவரை பார்க்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. பத்து மணி நேர 'முழு கோர்ஸ்' வீடியோ கிடைத்தால், அதன் கீழே இருக்கும் தலைப்புப் பட்டியலைப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

3. மூடிவிட்டுச் செய்யுங்கள்: பாடம் முடிந்ததும் வீடியோவை மூடிவிட்டு, பார்க்காமல் அதையே முதலிலிருந்து செய்யுங்கள். எங்கே கை நிற்கிறதோ, அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

4. கணக்கை மாற்றுங்கள்: வீடியோவில் அவர் போட்ட உதாரணத்தையே போட்டால், அது காப்பி அடிப்பது. உங்கள் வீட்டுக் கணக்கு, உங்கள் தெருக் கடை, உங்கள் ஊர் என்று மாற்றிப் போட்டால்தான் தவறு வரும். தவறு வந்தால்தான் பாடம் மனதில் தங்கும்.

5. ஒரே ஆசிரியர், ஒரே படிப்பு: ஒரே நேரத்தில் மூன்று சேனல்களைப் பிடித்துக்கொண்டு, மூன்றிலும் முதல் பாடத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். ஒருவரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டு, அடுத்தவரிடம் போங்கள்.

எக்செல்லும் டேலியும்: எட்டு வாரக் கணக்கு

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். பி.காம். முடித்த ஒரு பெண். திருமணம், குழந்தை என்று எட்டு வருடம் வீட்டில் இருந்தவர், பக்கத்து ஊர் ஆடிட்டர் ஆபீஸிலோ, ஒரு மொத்த வியாபாரக் கடையிலோ கணக்கு வேலைக்குப் போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதலில் வேண்டியது எக்செல், டேலி, ஜி.எஸ்.டி. பற்றிய அடிப்படை ஆகிய மூன்றும்தான். டேட்டா சயின்ஸ் இல்லை, ஏ.ஐ. இல்லை.

முதல் இரண்டு வாரம் எக்செல்லின் அடிப்படை. மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்பு, கடன் நோட்டை அப்படியே ஒரு ஷீட்டில் ஏற்றலாம். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்குப் பாக்கி, மொத்தம் எவ்வளவு என்று கூட்டல், வரிசைப்படுத்துதல், வடிகட்டுதல் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

மூன்றாவது, நான்காவது வாரம் ஃபார்முலா. 'இஃப்' ஃபார்முலா பலருக்குப் பூச்சாண்டி. ஈ.பி. பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த பில்லில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட்டைப் பொறுத்து விலை மாறும். 'யூனிட் இவ்வளவுக்குள் இருந்தால் இந்த ரேட், தாண்டினால் அந்த ரேட்' என்பதுதான் 'இஃப்' ஃபார்முலாவே. உங்கள் பில்லின் தொகையும் ஷீட்டின் தொகையும் ஒத்துப்போகும்வரை விடாதீர்கள். ஒத்துப்போகும் நாளில் அந்த ஃபார்முலா உங்களுடையது. பிறகு 'வி-லுக்கப்', 'பிவோட் டேபிள்' இரண்டையும் தொட்டுவிடுங்கள். அலுவலக வேலையில் அடிக்கடி கேட்கப்படுபவை அவை.

ஐந்து முதல் ஏழாவது வாரம் வரை டேலி. இதற்கு சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டேலி பிரைமைக் கல்விப் பயன்பாட்டுக்கான 'எஜுகேஷனல் மோட்'-ல் இலவசமாகத் திறக்கலாம். முக்கியமான கட்டுப்பாடு, மாதத்தின் 1, 2 தேதிகளிலும் கடைசித் தேதியிலும் மட்டும்தான் பதிவுகள் போட முடியும். பழகுவதற்கு அது தாராளம். தெரிந்த மளிகைக் கடையில் பழைய பில்களைக் கேட்டு வாங்கி, கொள்முதல், விற்பனை, ரொக்கம், வங்கி என்று ஒரு மாதக் கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள்.

எட்டாவது வாரம், செய்த வேலைகளைத் தொகுக்கும் வாரம். பெயர்களையும் எண்களையும் மாற்றிவிட்டு, மூன்று ஃபைல்களைச் சுத்தமாகத் தயார் செய்யுங்கள். இன்டர்வியூவில், 'எட்டு வருஷம் என்ன பண்ணீங்க?' என்ற கேள்வி நிச்சயம் வரும். 'வீட்டைப் பார்த்துக்கிட்டேன். இப்போ இதைச் செய்யத் தெரியும்' என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவதற்குத்தான் இந்த ஃபைல்கள்.

போன் மட்டும்தான் இருக்கா?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு டேட்டா விலை இறங்கி, வகுப்பறை நம் உள்ளங்கைக்கே வந்துவிட்டது உண்மைதான். ஆனால், போனில் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆங்கிலம் பேசப் பழகுவது, போஸ்டர் வடிவமைப்பு, சின்ன வீடியோக்களை எடிட் செய்வது, கூகுள் ஷீட்ஸின் அடிப்படை ஆகியவை போனிலேயே முடியும். கோடிங், டேலி, ஆட்டோகேட் போன்றவற்றுக்குப் பெரிய திரையும் கீபோர்டும் வேண்டும்.

அதற்காக உடனே 60,000 ரூபாய் லேப்டாப்புக்கு ஓட வேண்டாம். வீட்டில் அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப் பரணில் இருந்தால், இறக்குங்கள். அதில் லினக்ஸ் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். பெரிய நூலகங்களிலும் கல்லூரி லேபிலும் கம்ப்யூட்டர் இருக்கும். பைத்தான் பழக 'கூகுள் கோலாப்' போதும். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே ஓடும். எக்செல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க். ஃபோட்டோஷாப் இல்லாவிட்டால் ஜிம்ப். அடிப்படை ஒன்றேதான்.

இன்னொரு சின்ன விஷயம். டேட்டாவை மிச்சம் பிடிக்க வீடியோவின் தரத்தை மிகவும் குறைத்துவிட்டால், சாஃப்ட்வேர் பாடங்களில் மெனு எழுத்துகள் மங்கிவிடும். எழுத்து படிக்க முடிகிற தரத்துக்குக் கீழே போகாதீர்கள். வைஃபை கிடைக்கும் இடத்தில் டவுன்லோடு செய்துவைத்துக்கொள்வது நல்லது.

'இங்கிலீஷ் வராதே!'

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆன்லைன் படிப்பை ஒதுக்குவதற்குச் சொல்லும் முதல் காரணம் இது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு தலைப்பை முதலில் தமிழில் பாருங்கள். விஷயம் புரிந்துவிடும். பிறகு அதே தலைப்பை ஆங்கிலத்தில், சப்டைட்டிலைப் போட்டு, வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். என்ன சொல்லப் போகிறார் என்று முன்பே தெரிவதால், ஆங்கிலம் பயமுறுத்தாது. புதிய வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு துறையில் பல வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். இன்டர்வியூவுக்குத் தேவையான ஆங்கிலத்தில் பெரும்பகுதி அந்த நோட்டிலேயே சேர்ந்துவிடும்.

சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டால் கிடைப்பது ஒரு ரகம். அது, 'இவர் பார்த்தார்' என்று மட்டும்தான் சொல்லும். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதி வாங்குவது இன்னொரு ரகம். அது, 'இவருக்குத் தெரியும்' என்று சொல்ல முயல்கிறது. இரண்டாவதற்குத்தான் எடை அதிகம். பயோடேட்டாவில் முதல் ரகத்தைப் பத்து வரிகள் அடுக்குவதைவிட, இரண்டாவது ரகத்தில் ஒன்று இருந்தால் நல்லது.

அதைவிடப் பெரியது, செய்த வேலை. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கும் பலர் எடிட்டிங் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டது வீடியோ பார்த்துத்தான். நான் வேலைக்கு வந்தபோது சான்றிதழை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. 'நீங்க எடிட் பண்ணின வீடியோ ஒண்ணு போட்டுக் காட்டுங்க' என்றார்கள். கோடிங் என்றால் நீங்கள் எழுதிய ஒரு சின்ன ஆப், டிசைன் என்றால் ஐந்து போஸ்டர், அக்கவுன்ட்ஸ் என்றால் ஒரு மாதக் கணக்கு. காட்ட ஒன்று இருக்க வேண்டும்.

'இ.எம்.ஐ-தானே' என்று கையெழுத்துப் போடுமுன்...

இலவச வெபினார் ஒன்றில் பெயர் கொடுத்திருப்பீர்கள். மறுநாளே போன் வரும். 'சீட் நாலுதான் இருக்கு, இன்னைக்கு ராத்திரிக்குள்ள சேர்ந்தா பாதி ஃபீஸ், வேலைக்கு நாங்க கேரன்டி, பணம் மொத்தமா வேண்டாம், மாசம் கொஞ்சம்தான்' என்பார்கள். பல வீடுகளில் பிரச்னை தொடங்கும் இடம் இதுதான்.

அந்த 'மாசம் கொஞ்சம்' பல நேரங்களில் தவணை இல்லை, கடன். உங்கள் பெயரிலோ உங்கள் அப்பா பெயரிலோ ஒரு நிதி நிறுவனம் கடன் கொடுத்து, மொத்தப் பணத்தையும் பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டிவிடும். வகுப்பு பிடிக்காமல் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால் கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது, இந்த கோர்ஸ் வந்து குறுக்கே நிற்கும்.

மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில், ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படி ஓர் அறிவிப்பே வெளியிட்டது. இலவசம் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுப்பதைத் தவிருங்கள் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. சேருமுன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

* இது தவணையா, கடனா? கடன் என்றால் கொடுப்பது யார்? வட்டி, கட்டணம் எல்லாம் எழுதப்பட்ட விவரத் தாள் எங்கே? ரிசர்வ் வங்கி விதிப்படி, டிஜிட்டல் கடன் கொடுப்பவர்கள் அதைத் தந்தாக வேண்டும். வாங்கிய கடனைக் குறிப்பிட்ட சில நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து விலகும் வாய்ப்பும் தர வேண்டும். அது எத்தனை நாள் என்று கேளுங்கள்.
* பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அது எழுத்தில் இருக்கிறதா?
* 'வேலை கேரன்டி' என்பதற்கு என்ன நிபந்தனைகள்? போனில் சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால், பதில் கிடைத்துவிட்டது.
* இதே பாடம் இலவசத் தளங்களில் இருக்கிறதா? முதல் நான்கு பாடங்களை அங்கே முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். உண்மையில் ஆர்வம் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

'ஏழு நாள் இலவசம்' என்று சேரும்போது யு.பி.ஐ. ஆட்டோபே போட்டிருந்தால், உங்கள் யு.பி.ஐ. ஆப்பிலேயே போய் அதை ரத்து செய்ய முடியும். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். பணமே மோசடியாகப் போய்விட்டது என்றால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆன்லைன் படிப்புக்கு பஸ் ஏற வேண்டாம், ஹாஸ்டல் வேண்டாம். அதனாலேயே வீட்டில் அதை யாரும் படிப்பாக மதிப்பதில்லை. பையன் போனைப் பார்த்தால், 'எப்பப் பார்த்தாலும் போன்' என்கிறோம். அம்மா லேப்டாப்பைத் திறந்தால், 'காபி போட்டுட்டு உட்காரேன்' என்கிறோம். நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்க வேண்டிய பாடத்துக்கு, நடுவில் நான்கு முறை எழுந்தால் அன்றைய பாடம் போச்சு.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். வாரக் கடைசியில், 'இந்த வாரம் என்ன செஞ்சே, காட்டு' என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கட்டணம் கட்டியவர்கள் அதிகம் முடித்தார்கள் என்று பார்த்தோமே... காசு கட்டாமல் படிப்பவர்களுக்கு, கேட்க வீட்டில் ஓர் ஆள் இருப்பது அதே பிடிமானத்தைக் கொடுக்கும்.

இன்றே தொடங்க...

சேமித்து வைத்த லிஸ்ட்டைத் திறங்கள். அடுத்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய ஒரே ஒரு திறமையை முடிவு செய்யுங்கள். அதற்கான ஒரு படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கிவிடுங்கள். முதல் வீடியோவில் பத்து நிமிடம் பார்த்து, நிறுத்தி, அதை உங்கள் கையால் செய்து பாருங்கள். செய்த ஃபைலுக்கு இன்றைய தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். எட்டு வாரம் கழித்து அந்த ஃபோல்டரில் எத்தனை ஃபைல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் கற்றுக்கொண்டது எவ்வளவு என்று அந்த எண்ணிக்கை சொல்லிவிடும்.